மிஷினக்காவும் அறுபத்து நாலு பல்லும்

என் சித்திக்குக் கோபம் வந்தால் பூமி ஒரு நிமிடம் நின்று, “என்னம்மா, நான் ஏதாவது செஞ்சேனா?” என்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி சுற்றும். சூரியன் அன்றைக்கு மட்டும் பின்வாசல் வழியாக வந்து போகும். அவள் மிஷினைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால் மரங்களில் பாதி, “நாங்களே விழுந்துவிடுகிறோம் தாயே” என்று வேரைத் தளர்த்திக்கொள்ளும். இதில் கொஞ்சம் பொய் உண்டு. எவ்வளவு என்று சொல்ல மாட்டேன்.

பொய் இல்லாத பகுதி இது. சித்தி மரம் அறுப்பவள். வயது நாற்பத்திரண்டு. தெருவில் அவளுக்கு மிஷினக்கா என்று பெயர். ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், காதில் எந்நேரமும் பஞ்சு. பஞ்சை எடுக்க மறந்துவிடுவதால், “தண்ணி குடு” என்று அவள் கேட்பதே பக்கத்துத் தெருவுக்குச் சண்டை மாதிரிக் கேட்கும். ஆனால் மற்றவர்கள் நினைப்பதுபோல் அது எல்லாமே பஞ்சின் வேலை அல்ல. பாதி நிஜமான கோபம்தான்.

என் அம்மா வெளியூரில் வேலை பார்க்கிறாள். அவள் என்னைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டுப் போய் நாலு வருடம் ஆகிறது. தலைமையாசிரியருக்கும் அவருடைய நாற்காலிக்கும் நடுவே நான் பசை தடவி ஓர் உறவை ஏற்படுத்தியதில், ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துவிட்டோம். அதிலிருந்து சித்தியோடு போகிறேன். கயிறு பிடிப்பேன், பெட்ரோல் கேன் தூக்குவேன், திட்டு வாங்குவேன். கடைசி வேலைக்குத்தான் ஓய்வே கிடையாது. என் பெயர் என்னவோ, கூப்பிடுவது ‘வாலு’.

சித்தியின் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று தெரு தள்ளி ஒரு மரத்தின் உச்சாணிக் கிளையில் பொந்து இருந்தால் சொல்லிவிடுவாள். கையில் இருக்கும் தீப்பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்றால் தெரியாது. கண்ணாடி போடச் சொன்னால், “கண்ணாடி போட்டவங்களுக்குத்தான்டி கண்ணு கெட்டுப்போகுது” என்பாள். இந்த மருத்துவ உண்மையை அவளிடம் வாதாடி ஜெயித்தவர் இதுவரை இல்லை.

மிஷின் என்னைவிட மூத்தது. மூடப்போன ஒரு மர டிப்போவில் வாங்கியது. ஒரு காலத்தில் ஆரஞ்சு நிறம், இப்போது பழைய டீத்தண்ணீர் நிறம். இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிறு அறுந்துபோய் ஜன்னல் திரைக் கயிறு போட்டிருக்கிறோம். பெயரும் எண்ணும் எழுதிய இடம் உள்ளங்கை பட்டுப் பட்டே வழவழவென்று ஆகிவிட்டது. மிஷினில் சுற்றி மரத்தை அறுப்பது பல் வைத்த செயின்; டிப்போக்காரர்கள் அதில் ஐந்து சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த ஐந்தையும் அரம் போட்டுத் தீட்டித் தீட்டியே இத்தனை வருடம் ஓட்டினாள்; நாலு தேய்ந்து பழைய இரும்புக்குப் போய், மிச்சம் ஒன்றுதான். கடையில் போய்ச் செயின் வாங்கிய பழக்கமே அவளுக்குக் கிடையாது. இதை நினைவில் வையுங்கள்.

இனி ஒரு குற்றத்தைச் சொல்கிறேன். செய்தது நான்.

எங்கள் ஊரில் மரம் வெட்ட ஒரு காண்டிராக்டர் இருக்கிறார். டீக் கடையில் உட்கார்ந்திருக்கும்போதும் மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். பெயரும் ஹெல்மெட்தான். அவரிடம் ஆறு ஆள், ஆறு புது மிஷின், ஆறிலும் பளபளவென்று வெள்ளி ஸ்டிக்கர். ஆறு மாதத்துக்கு முன் ஒரு நாள் சித்தியின் மிஷினைக் குனிந்து பார்த்துவிட்டு, “ஏக்கா, இதுக்குப் பேர் வைக்கிறதுக்குள்ளயே இதைப் பெத்தவங்க செத்துட்டாங்களா?” என்று கேட்டார். கடையே சிரித்தது. டீ ஆற்றுகிறவர்கூட.

சித்தி திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத சித்தியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து மிஷினை மடியில் வைத்து ஒரு மணி நேரம் துடைத்தாள். துடைத்தால் பெயர் வந்துவிடும் என்பதுபோல.

மறுநாள் நான் எங்கள் மிஷினைச் சர்வீஸ் பண்ணும் மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனேன். மூலையில் உடைந்து கிடந்த ஒரு புது மிஷினிலிருந்து ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பினேன். வெள்ளியில் ஒரு சிங்க முகம், பக்கத்தில் என் கட்டைவிரல் பெரிதுக்கு ஐம்பத்தெட்டு என்று எண். கொண்டுவந்து எங்கள் கிழட்டு மிஷினின் நெற்றியில் ஒட்டிவிட்டேன். ஒரு வாரம் கழித்துச் சொல்லி எல்லோரும் சிரிக்கலாம் என்று நினைத்தேன்.

சித்தி அதைக் கண்டாள். மிஷினைக் கை நீட்டின தூரத்தில் பிடித்து, தலையைப் பின்னுக்கு இழுத்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள். “அம்பத்தெட்டு. பாத்தியாடி? மெக்கானிக் சர்வீஸ் பண்ணும்போது கண்டுபிடிச்சு ஒட்டியிருக்கான். இதுக்கும் பேர் இருக்கு!”

முகம் முழுக்கச் சிரிப்பு. அதைப் பார்த்த பிறகு யார் வாயைத் திறப்பார்கள்? நான் திறக்கவில்லை. அன்றிலிருந்து எங்கே போனாலும் மிஷினை ஸ்டிக்கர் தெரியும்படிதான் கீழே வைப்பாள்.

இப்போது தையல்காரர் வீட்டுத் தைலமரத்துக்கு வருகிறேன்.

போன மாதம் தையல்காரர் வந்து கூப்பிட்டார். அவர் வீட்டுப் பின்னால் இரண்டாகக் கவை பிரிந்து வளர்ந்த பெரிய தைலமரம். கவையில் முடி அளவு ஒரு விரிசல். சித்தி கைக்கோடரியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தாள், விரிசலில் குச்சி விட்டுப் பார்த்தாள். “நிக்கும். நாலு வருஷத்துக்கு அசையாது. நான் சொல்றேன்” என்றாள்.

அது நாலு வாரம் நின்றது. புதன்கிழமை அடித்த காற்றில் கவை பிளந்து, ஒரு பாதி அப்படியே தையல்காரரின் தகரக் கூரைமேல் சாய்ந்து, அரை அடி உயரத்தில் தொங்கியது. உள்ளே அவர் மனைவியும் பத்து நாள் பிள்ளையும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினார்கள். ஏற்கெனவே ஏழு பேர் படுக்கிற ஒற்றை அறை அது. தையல்காரர் மட்டும், மூன்று தையல் மிஷினையும் விட்டுவிட்டு வர மாட்டேன் என்று கிளைக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் கத்தவில்லை. “நிக்கும்னு சொன்னீங்களேக்கா” என்றார். அவ்வளவுதான்.

அந்த நிமிடத்திலிருந்து சித்தி எல்லோர்மேலும் கோபமாக இருந்தாள். காற்றின்மேல், தகரத்தின்மேல், விதை போட்ட காகத்தின்மேல். ஒருத்திமேல்தான் உண்மையில் கோபம் என்று எனக்குத் தெரியும். அந்த ஒருத்தியைத் திட்ட அவளுக்கு வழியில்லை.

ஹெல்மெட்டும் வந்து பார்த்தார். “திங்கக்கிழமைதான் ஆள் வரும். அதுவரைக்கும் காத்தை அடிக்க வேணாம்னு சொல்லி வைங்க” என்றார். போகிற போக்கில், “மரத்தைத் தட்டிப் பாத்தா போதாதுக்கா, தெரிஞ்சிருக்கணும்” என்றார். சனிக்கிழமை சாயங்காலம் பலத்த காற்று வரும் என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள்.

சித்தி என்னைப் பார்த்தாள். “நான் சொன்ன மரம். நானே இறக்குவேன்.”

வியாழக்கிழமை காலை ஏணியைத் தண்டோடு சேர்த்துக் கட்டி ஏறினாள். கிளையை வீட்டைவிட்டு வெளிப்பக்கம் இழுக்க, மேலே கப்பியில் கயிறு போட்டு, மறுமுனையைத் தெருவிளக்குக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி நானும் தையல்காரரும் பிடித்துக்கொண்டோம். அடியிலிருந்து ஒரு வெட்டு நன்றாகப் போட்டாள். மேலிருந்து அடுத்ததைத் தொடங்கினாள். கால்வாசிகூடப் போகவில்லை. ‘பட்’ என்று ஒரு சத்தம். செயின் அறுந்து சுவரில் அடித்து ஏணி அடியில் பாம்பு மாதிரி விழுந்தது.

சித்தி இறங்கினாள். செயினை எடுத்தாள். “போய்த் தொலை, சனியனே!” என்று கைவீசி எறிந்தாள். அது மதிலைத் தாண்டிப் பின்னால் ஓடும் சாக்கடை வாய்க்காலில், ‘ப்ளக்’ என்று நல்ல பிள்ளையாகத் தொலைந்தது.

கிளை இப்போது அறுபட்டும் அறுபடாமலும் தொங்கியது. முன்பைவிட மோசம்.

“ஒரு செயின்தானே. வாங்கிட்டு வந்து மாட்டினா ரெண்டு நிமிஷ வேலை” என்றாள் சித்தி. “கிடைக்கலைன்னா கைவாள்.”

கைவாள் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாதி வெட்டிய கிளை முறுகிக்கொண்டு நிற்கிறது. மிஷின் என்றால் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு ஒதுங்கிவிடலாம். கைவாள் என்றால் அரைமணி நேரம் அதன் தாடைக்குக் கீழே நின்று இழுக்க வேண்டும். எந்த நொடியில் அது பிளந்து உதைக்கும் என்று யாருக்கும் தெரியாது. சித்தி அதைச் செய்வாள். செய்ய மாட்டாள் என்று நினைத்து நான் என்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை.

முதல் கடை கண்ணாடிக் கதவுக் கடை. மிஷினை வீட்டிலேயே விட்டுவிட்டு ஸ்டிக்கரில் இருந்த நம்பரை மட்டும் வாயில் சொல்லிக்கொண்டு போனோம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பையன் கம்ப்யூட்டரைத் தட்டினான்.

“மாடல் சொல்லுங்க மேடம்.”

“அம்பத்தெட்டு!” என்றாள் சித்தி, பிள்ளை முதல் மார்க் வாங்கியதைச் சொல்கிறவள் மாதிரி. “சிங்க மார்க்.”

எனக்குக் காது சுட்டது. சொல்லியிருக்க வேண்டும். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். “சித்தி…” என்று தொடங்கினேன்.

“நீ சும்மா இரு! பெரியவங்க பேசும்போது!”

சும்மா இருந்தேன். எனக்கு வேண்டிய பதில் அதுதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பையன் ஒரு பெட்டியை நீட்டினான். வீட்டுக்கு வந்து மாட்டினோம். செயின் தொளதொளவென்று தொங்கியது. இழுத்து இறுக்கினால், மிஷினுக்குள்ளே அதைச் சுற்றவைக்கும் பல்சக்கரத்தில் உட்கார மாட்டேன் என்றது. இதன் பல்லும் அதன் பல்லும் மாமியார் மருமகள் மாதிரி முறைத்துக்கொண்டன.

திரும்பப் போனோம். சித்தி பெட்டியைக் கவுண்டரில் வைத்த சத்தத்தில் மூன்று வாடிக்கையாளர்கள் வெளியே போனார்கள்.

“அம்பத்தெட்டுக்குக் குடுக்கச் சொன்னா என்னத்தைக் குடுத்த? உங்க அம்மா கழுத்துக்கா?”

“மேடம், சிஸ்டம்ல ஐம்பத்தெட்டுக்கு இதுதான் காட்டுது. பிரிச்ச பெட்டி ரிட்டர்ன் கிடையாது. மிஷின் ரொம்பப் பழசுன்னா புதுசு வாங்கிக்கறது…”

“உனக்குப் பல்லு வலிச்சா புதுத் தலை வாங்கிப்பியாடா?”

அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. பாவம், அவன் சொன்னது ஒன்றுகூடத் தப்பில்லை. சிஸ்டத்தில் இல்லாத ஒன்று இருந்தது. அது சித்தியின் பக்கத்தில் நின்று கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை, ஆணி முதல் அண்டா வரை விற்கும் இரும்புக் கடைக்குப் போனோம். இந்த முறை செயின் ஓடுகிற நீளத் தகட்டை, நாங்கள் பார் என்போம், கழற்றிக் கொண்டுபோனோம். கடைக்காரர் வெற்றுத்தரையில் அதைப் போட்டு டேப் பிடித்தார்.

“பதினெட்டு இஞ்ச். இந்தா.”

“பொருந்துமா?”

“பதினெட்டுக்குப் பதினெட்டு பொருந்தாம பத்தொம்பதா பொருந்தும்? கொண்டுபோக்கா, என்னை நம்பு.”

நம்பினோம். அந்தச் செயின் சக்கரத்தில் அழகாக உட்கார்ந்தது. ஆனால் பாரின் விளிம்பில் ஒரு பள்ளம் ஓடும், செயினின் அடிப்பல் அதற்குள் இறங்கி ஓட வேண்டும். இதன் அடிப்பல் தடிப்பு, பள்ளத்தில் இறங்கவே இல்லை. சித்தி சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினாள். மூன்றாவது தட்டு தரைக்கு விழுந்தது. நான்காவது சுவருக்கு.

“எல்லாப் பயலும் ஏமாத்தறான்! ஒருத்தன் மிஷினைப் பாக்கலை. ஒருத்தன் என்னைப் பாக்கலை. கிழவி, கிழட்டு மிஷின், எதையாவது தள்ளிவிடு, போகட்டும்! நான் குருடியா? அம்பத்தெட்டுன்னு எழுதியிருக்கு இல்ல, எழுதியிருக்கு இல்ல?”

“எழுதியிருக்கு சித்தி.”

“அப்ப அந்த மெக்கானிக்தான் தப்பா ஒட்டியிருக்கான். காலையில முதல் வேலையா அவன் தோலை உரிக்கிறேன். அப்புறம் பஸ் ஸ்டாண்ட் பின்னாடி ரிப்பேர் கடைக்குப் போறோம். அதுவும் இல்லைன்னா, மதியம் கைவாள்.”

மெக்கானிக் சாது. எறும்பு கடித்தால் மன்னிப்புக் கேட்கிறவர். அவர் ஒட்டவில்லை என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி யாரிடம் வரும் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை சித்தி குளிக்கப் போன நேரத்தில் நான் மிஷின் வைக்கிற கொட்டகைக்குள் நுழைந்தேன். ஸ்டிக்கரின் ஓரத்தில் நகம் கொடுத்தேன். ஆறு மாத வெயிலில் பசை இளகி, சவ்வு மாதிரி முழுசாக உரிந்து வந்தது. வாளி வைக்கிற சத்தம் கேட்டது. சட்டென்று திரும்பியதில் ஸ்டிக்கர் கீழே விழுந்தது. குனிந்து தேடினேன். மரத்தூளில் இல்லை, பெட்ரோல் கேனுக்குப் பின்னால் இல்லை, என்னைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி மிதித்துத் தேடினேன். எங்குமே இல்லை. காற்று கொண்டுபோயிருக்கும் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

நல்ல வேளை, மெக்கானிக் பட்டறை பூட்டியிருந்தது. சித்தி பூட்டைத் திட்டிவிட்டு நடந்தாள்.

ரிப்பேர் கடை ஒரு தகரப் பெட்டி. உள்ளே என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒருத்தி, சூயிங்கம் மென்றுகொண்டு ஒரு மிஷினின் குடலை உருவிக்கொண்டிருந்தாள். முகத்தில் கிரீஸ், பார்வையில் திமிர். எனக்குப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை. நான் ஆக நினைத்தது மாதிரி அவள் இருந்தாள்.

சித்தி மிஷினை மேஜைமேல் வைத்தாள். “நம்பர் இதோ, அம்ப…” கை அந்தரத்தில் நின்றது. “ஸ்டிக்கர் எங்கடி?”

“விழுந்திருக்கும் சித்தி. பழைய பசை.”

“நேத்து இருந்துச்சே!”

“நேத்து சுத்தியலால தட்டினீங்களே. அந்த அதிர்ச்சியில…”

சித்தி என்னைப் பார்த்தாள். கிட்டத்தில் இருப்பது அவளுக்குத் தெரியாது என்பதுதான் அன்றைக்கு எனக்கு ஒரே ஆறுதல்.

“விழுந்தது நல்லதாப் போச்சு” என்றாள் கடைக்காரி, மெல்வதை நிறுத்தாமல். “ஸ்டிக்கர்ல என்ன வேணா எழுதலாம். நான் நெத்தியில டாக்டர்னு ஒட்டிக்கிட்டா ஊசி போட்டுப்பீங்களா? பழைய செயின் எங்க?”

சித்தி மேஜைமேல் இருந்த மிஷினைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

“செயின்கா. அறுந்தது. அது இருந்தா போதும்.”

“எறிஞ்சுட்டேன்.”

“குப்பையிலயா?”

“வாய்க்கால்ல.”

“ஏன்?”

“கோவம்” என்றாள் சித்தி. அந்த ஒரு வார்த்தையை அவ்வளவு மெதுவாக அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

கடைக்காரி பாரை எடுத்து விளிம்பைத் தடவினாள். “பள்ளம் தேஞ்சு அகண்டிருக்கு. இதை அளந்து குடுத்தா மூணாவது தப்பு என்னோடதா இருக்கும். எனக்கு மூணே விஷயம் வேணும். அடிப்பல் எத்தனை, அதோட தடிப்பு எவ்வளவு, ரிவெட்டுக்கும் ரிவெட்டுக்கும் இடைவெளி எவ்வளவு. இது மூணும் பழைய செயின்லதான் இருக்கு. போய் எடுத்துட்டு வாங்க. ஒரு மணிக்குக் கடை சாத்திருவேன்.”

அப்போது மணி பத்தே முக்கால். வானம் ஒரு மூலையில் தகர நிறமாக ஆகியிருந்தது.

வாய்க்காலில் இறங்கினவள் நான். எனக்குக் கிடைக்க வேண்டிய இடம்தான் என்று தோன்றியது. பழைய பாவாடையை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஷூவைக் கழற்றி மதில்மேல் வைத்துவிட்டு, முழங்கால்வரை கறுப்புச் சேற்றில் நின்று கையால் துழாவினேன். ஒரு செருப்பு, ஒரு கரண்டி, இன்னதென்று பெயர் சொல்ல விரும்பாத பலது கிடைத்தன. சித்தி மதிலுக்கு அந்தப்பக்கம் நின்று கத்தினாள்.

“இன்னும் இடதுபக்கம்! உன் இடதுபக்கம் இல்லடி, என் இடதுபக்கம்!”

“நீங்களே வந்து துழாவுங்களேன்! எறியும்போது நல்லா இருந்துச்சு இல்ல?”

“வாயைப் பாரு! ஏறி வாடி, வாய்லயே போடறேன்!”

தையல்காரர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனார். கீழே சிந்தும் ஊசிகளைப் பொறுக்க அவர் வைத்திருக்கும் காந்தத்தை எடுத்துவந்தார். உள்ளங்கை அகலம் இருக்கும். அதைத் தடித்த நூலில் முறுக்கிக் கட்டி, வாய்க்காலில் இறக்கி, துணியில் தையல் போடுவதுபோல வரிசை வரிசையாக, ஒரு இடம் விடாமல் இழுத்துக்கொண்டே போனார். எட்டாவது வரிசையில் நூல் கனத்தது.

செயின் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சேறு தெறித்தது என்று சொல்லிக்கொண்டேன்.

குழாயடியில் கழுவி, அடிப்பல்லை எண்ணினேன். அறுபத்து மூன்று. மறுபடி எண்ணினேன், அறுபத்தைந்து. ஒன்பதாம் வகுப்பு என்னைக் கைவிட்டதா, நான் அதைக் கைவிட்டேனா தெரியவில்லை. சித்தி பிடுங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். “அறுபத்து நாலு.”

“ஒரு தடவை எண்ணினா எப்படி சித்தி? இன்னொரு தடவை…”

“அறுபத்து நாலுடி!”

கடையை எட்டும்போது கடைக்காரி ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள். செயினைப் பார்த்தாள், மோந்து பார்க்காமல் இருந்திருக்கலாம், மோந்து பார்த்தாள். எண்ணினாள். “அறுபத்து நாலு.” சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கடைக்காரி மூன்று ரிவெட்டை அளந்து பாதியாக்கினாள், வெட்டு வெட்டான ஒரு தகட்டில் பல்லைச் சொருகித் தடிப்புப் பார்த்தாள். உள்ளே போய்ப் பெட்டி எதுவும் இல்லாத, எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு செயினைக் கொண்டுவந்து, அவளே பாரில் மாட்டிக் கையால் ஓட்டிக் காட்டினாள். தண்ணீரில் மீன் போவது மாதிரிப் போனது.

“இந்தப் பழைய செயினோட ஒட்டி வெச்சு நீளம் பாக்காதீங்க, இது ஓடி ஓடி நீண்டிருக்கு. எண்ணிக்கைதான் பேசும்” என்றாள். பிறகு மிஷினின் நெற்றியில் மிஞ்சியிருந்த பசைத் தடத்தை விரலால் தொட்டு, “இந்தப் பாடிக்கு அம்பத்தெட்டுன்னு யாருக்கா சொன்னது? இது அந்த ஜாதியே இல்லை” என்றாள்.

“காத்து வந்துரும் சித்தி, போகலாம், போகலாம்” என்றேன் நான்.

மணி இரண்டு. மரத்தின் உச்சி ஆடத் தொடங்கியிருந்தது. எதிர்வீட்டு வாசலில் தையல்காரரின் மனைவி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஹெல்மெட்டும் எங்கிருந்தோ வந்து, கையைக் கட்டிக்கொண்டு தெருமுனையில் நின்றார். உதவ வந்தாரா, விழுவதைப் பார்க்க வந்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கயிற்றை விட்டுவிட்டுத்தான் கேட்டிருக்க வேண்டும்.

சித்தி ஏறினாள். திரைக் கயிற்றை இழுத்தாள். மிஷின் ஒரு தடவை இருமி, இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. புதுச் செயின் மரத்தில் இறங்கியபோது வந்த சத்தம் வேறு. பழையது கடித்தது. இது வெண்ணெய் வழித்தது. தூள் வெள்ளையாகப் பூப்பூவாகக் கொட்டியது. ஒரு நிமிடம். கிளை முனகியது. கயிறு என் கையில் உயிர் வந்த மாதிரி இறுகியது.

“இழு! இழுடி! விட்ட, உன்னைக் கொன்னுடுவேன்!”

இழுத்தேன். தையல்காரர் இழுத்தார். கிளை கூரையைவிட்டு ஒரு முழம் வெளியே நகர்ந்து, யோசித்து, அப்படியே முற்றத்தில் பக்கவாட்டில் படுத்தது. தகரத்தில் ஒரு இலை உரசிய சத்தம்தான் கேட்டது.

சித்தி இறங்கி வந்தாள். மிஷினை அணைக்காமலே தையல்காரர் முன்னால் போய் நின்றாள். காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். இரண்டு காதிலிருந்தும். வேலை நேரத்தில் அவள் பஞ்சை எடுத்து நான் பார்த்ததில்லை.

“நிக்கும்னு நான் சொன்னது தப்பு” என்றாள். “தட்டிப் பாத்தப்பவே சத்தம் சரியில்லை. பஞ்சாலதான் அப்படிக் கேக்குதுன்னு நினைச்சுட்டேன். பஞ்சை எடுத்துட்டுக் கேட்டிருக்கணும். தப்பு என்னோடது.”

தெருவே கேட்டது. ஹெல்மெட்டும் கேட்டார். சித்தி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தையல்காரர் காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “உள்ள வந்து உக்காருங்கக்கா, டீ போடச் சொல்றேன்” என்றார்.

அப்போதுதான் நானும் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. சத்தியமாக வந்தது. ஆனால் மேலே கப்பி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, காற்றும் வந்துகொண்டிருந்தது. முதலில் கப்பியை அவிழ்த்துவிடலாம், அப்புறம் சொல்லலாம் என்று வேகமாக ஏணியில் ஏறினேன். பத்துப் பன்னிரண்டு படி. தப்பித்தேன் என்று ஒரு மூச்சு விட்டேன்.

“ஏய், வாலு.”

கீழே சித்தி என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. கண்ணைச் சுருக்கவில்லை. அந்தத் தூரத்தில் அவளுக்கு எல்லாம் கண்ணாடி மாதிரித் தெரியும்.

“என்ன சித்தி?”

“அசையாம நில்லு. வலது காலை மட்டும் தூக்கு.”

தூக்கினேன். குனிந்து பார்த்தேன். ஷூவின் அடியில், குதிகாலுக்கு முன்னால் தரையில் படாத அந்தப் பள்ளத்தில், சிங்க முகம் ஒன்று துளி அழுக்கில்லாமல் வெள்ளியாக மின்னியது.

மிஷின் அவள் கையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“அம்பத்தெட்டு” என்று படித்தாள் சித்தி, நிறுத்தி நிதானமாக. “ஏன்டி, உன் ஷூவுக்கு அடிப்பல் எத்தனை? இறங்கி வா, நானே எண்ணிப் பாக்கறேன்.”